நிதிதிரட்டும் இசை ரசிகர் பனியன்

நிதிதிரட்டும் இசை ரசிகர் பனியன் என்பது ஒரு பாடகர், இசையமைப்பாளர் அல்லது இசைக்குழுவின் ரசிகர்கள் தாமே வடிவமைத்துச் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு விற்று, செலவு போக மீதமாகும் பணத்தை அறப்பணி ஒன்றுக்கு வழங்கும் பொருட்டு உருவாக்கும் மேலாடை ஆகும். இது டி-சட்டை, டி-சர்ட் எனவும் அழைக்கப்படுகின்றது. இசை நிறுவனங்கள் இலாப நோக்கில் விற்கும் நிகழ்ச்சிப் பனியன்களும், அறக்கட்டளைகள் நேரடியாக வெளியிடும் பனியன்களும் இதனுடன் நெருங்கிய தொடர்புடையவை. எனினும் வடிவமைப்பு, விற்பனை, கணக்கு ஆகிய மூன்றும் ரசிகர்களின் கையிலேயே இருப்பது இவ்வகையின் தனித்தன்மை.

பெயர்

தமிழில் வழங்கும் பனியன் என்ற சொல் இந்திய வணிகரைக் குறிக்கும் வாணியா என்னும் குஜராத்திச் சொல்லோடு தொடர்புடையது. ஐரோப்பியர் வழியாக இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செல்வந்தர்கள் வீட்டில் அணிந்த தளர்வான நீண்ட அங்கியைக் குறித்தது. பின்னர் பொருள் சுருங்கி, உடம்போடு ஒட்டிய பின்னல் உள்ளாடையின் பெயராக நிலைத்தது. திருப்பூரில் இன்று உள்ளாடை, வெளியாடை என்ற வேறுபாடு இன்றிப் பின்னலாடை முழுவதற்கும் பனியன் என்ற சொல்லே வழங்குகின்றது. தொழிற்சாலைக்கும் பனியன் கம்பெனி என்றே பெயர்.

தோற்றம்

ஐக்கிய அமெரிக்கக் கடற்படை 1913இல் சீருடைக்கு உள்ளே அணியும் ஆடையாக ஏற்றுக்கொண்ட வெள்ளைப் பருத்திப் பனியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியாடையாக மாறியது. 1951இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் மார்லன் பிராண்டோ அதனை அணிந்து நடித்தது இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. இசை தொடர்பான பனியன்களுள் மிகப் பழையவை 1950களின் பிற்பகுதியில் எல்விஸ் பிரெஸ்லியின் ரசிகர் மன்றத்தினர் செய்தவை என்று கூறப்படுகின்றது. இது உண்மையாயின், வணிக நிறுவனங்கள் இத்துறைக்கு வரும் முன்பே ரசிகர்கள் வந்துவிட்டனர் எனலாம். 1970களில்தான் இசை நிகழ்ச்சிப் பனியன் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

கிரேட்ஃபுல் டெட் என்னும் கலிபோர்னிய இசைக்குழுவின் ரசிகர்கள் இவ்வழக்கத்தை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றனர். குழு ஊர் ஊராகச் செல்ல, ரசிகர்களும் பின்தொடர்ந்து, அரங்குகளின் வாகன நிறுத்துமிடங்களில் தாமே முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த பனியன்களை விற்று அடுத்த ஊருக்கான பயணச் செலவைத் தேடிக்கொண்டனர். முடிச்சிட்டுச் சாயமேற்றும் இம்முறை இந்தியாவிற்குப் புதிதன்று. குஜராத், இராசத்தான் பகுதிகளின் பாந்தனி துணிகளும் மதுரைச் சுங்குடிப் புடவைகளும் இதே அடிப்படையில் அமைந்தவை.

இக்குழுவோடு தொடர்புடைய ஒரு பனியன் 1992ஆம் ஆண்டு பார்செலோனா ஒலிம்பிக்கில் உலகப் புகழ் பெற்றது. சோவியத் ஒன்றியத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த லித்துவேனியாவின் கூடைப்பந்து அணியிடம் போதிய பணம் இல்லை. செய்தி அறிந்த இசைக்குழு நிதியுதவி செய்ததோடு, கிரெக் ஸ்பியர்ஸ் என்ற ஓவியர் வடிவமைத்த, நாட்டுக்கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில் சாயம் தோய்த்த பனியன்களும் அணிக்குச் சென்று சேர்ந்தன. வெண்கலப் பதக்கம் வென்ற வீரர்கள் அப்பனியன்களை அணிந்தே மேடையேறினர். அதன்பின் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பனியன்களின் வருவாயிலிருந்து லித்துவேனியக் குழந்தைகளின் நலனுக்கு நிதி வழங்கப்பட்டது.

இசையும் அறக்கொடையும்

இசை வழியே நிதி திரட்டுதல் பனியனைவிடப் பழையது. தமிழ்நாட்டில் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு எம். எஸ். சுப்புலட்சுமி. கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காக 1944இல் அவர் கச்சேரிகள் நடத்தினார். அதன்பின் பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் கோயில்களுக்கும் பாடிப் பெருந்தொகை ஈட்டித் தந்தார். இப்பணிக்காகவே 1974இல் பொதுச் சேவைப் பிரிவில் ரமோன் மக்சேசே விருது பெற்றார். அக்காலத்தில் ரசிகர் கையில் எஞ்சியது நுழைவுச்சீட்டும் நிகழ்ச்சி மலரும் மட்டுமே.

மேற்குலகில் பெரிய அளவிலான முதல் நிதிதிரட்டு இசை நிகழ்ச்சியாகக் கருதப்படுவதும் ஓர் இந்திய இசைக்கலைஞரின் முயற்சியால் நடந்ததே. வங்காளதேச அகதிகளின் துயரைக் கண்ட சித்தார் கலைஞர் ரவி சங்கர், தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். 1971 ஆகத்து 1 அன்று நியூயார்க் மடிசன் சதுக்கத் தோட்டத்தில் இரு காட்சிகளாக நடந்த இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். சித்தாரும் சரோதும் சுருதி சேர்க்கப்பட்டு முடிந்ததும் அரங்கம் கைதட்டிற்று; சுருதி சேர்ப்பே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புவதாக ரவி சங்கர் புன்னகையோடு கூறினார்.

நுழைவுச்சீட்டு வருவாயான 2,43,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை விரைவிலேயே யுனிசெஃப் அமைப்பிடம் சேர்ந்தது. இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றால் வந்த பன்மடங்கு பெரிய தொகையோ அமெரிக்க வருமானவரித் துறையின் பிடியில் பல ஆண்டுகள் சிக்கியது. வரிவிலக்குப் பெற்ற நிதிதிரட்டு நிகழ்ச்சியாக முன்கூட்டியே விண்ணப்பிக்காததே காரணம். அகதிகள் முகாம்களில் தேவை மிகுந்திருந்த காலம் கடந்த பிறகே அப்பணத்தின் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது.

எத்தியோப்பியப் பஞ்சத்திற்காகப் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் 1984இல் கூட்டிய பேண்ட் எய்டு குழு இதே வரிச்சிக்கலைப் பிரித்தானியாவில் எதிர்கொண்டது. இசைத்தட்டின் விற்பனை வரியைத் தள்ளுபடி செய்ய முதலில் மறுத்த அரசு, எதிர்ப்புக்குப் பின் அவ்வரிக்கு ஈடான தொகையை அறநிதிக்கே திருப்பித் தந்தது. உலகிற்கு உணவளிப்போம் என்னும் பொருள்பட்ட வாசகம் பொறித்த அக்குழுவின் பனியனும் அதே காலத்தில் பரவியது. ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட்டின் பெரிய எழுத்து வாசகப் பனியன்கள் பிரித்தானியாவில் புகழ்பெற்றிருந்த ஆண்டும் அதுவே. 1985 சூலை 13 அன்று இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எய்டு நிகழ்ச்சிக்குப் பின், நிதிதிரட்டும் இசை நிகழ்ச்சி என்றால் அதற்கென ஒரு பனியனும் இருக்கும் என்பது வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இசை ரசிகர், திரைப்பட ரசிகர் என்ற பிரிவு தெளிவானதன்று. மிகப்பெரும்பாலோர் கேட்பது திரையிசை என்பதால், இசையமைப்பாளரின் ரசிகர்களும் நடிகர் மன்றங்களின் நடைமுறைகளையே பின்பற்றுகின்றனர். நடிகர் மன்றங்கள் அறப்பணியை நெடுங்காலமாகவே தம் அடையாளமாகக் கொண்டவை. 1980களில் மதுரையில் களஆய்வு செய்த மானிடவியலாளர் சாரா டிக்கி, ஏழைகளுக்கு உடை, மாணவருக்குப் புத்தகம் வழங்குதல் போன்றவற்றை மன்றத்தினர் எவ்வளவு முதன்மையாகக் கருதினர் என்பதை 1993இல் வெளியான தம் நூலில் விவரிக்கின்றார். கமல்ஹாசன் தம் மன்றங்களை நற்பணி இயக்கமாகவே மாற்றினார்.

ஆயினும் மன்றங்களின் வழக்கில் துணி என்பது கொடுக்கப்படும் பொருள்; விற்கப்படும் பொருளன்று. தலைவரின் பிறந்தநாளில் வேட்டி சேலை வழங்குவதே மரபு. பனியனை விற்று அப்பணத்தைக் கொடுப்பது பின்னாளில் கல்லூரி மாணவரிடையேயும் தகவல் தொழில்நுட்பப் பணியாளரிடையேயும் பரவிய முறையாகும். தென்கொரிய பிடிஎஸ் குழுவின் ரசிகர்கள் இம்முறையில் உலகளவில் முன்னணியில் உள்ளனர். 2020 சூனில் அக்குழு இனவெறி எதிர்ப்பு இயக்கத்திற்கு 10 இலட்சம் டாலர் வழங்கியபோது, ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதற்கு ஈடான தொகையைத் தாமும் திரட்டினர். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது இந்திய ரசிகர்களும் இவ்வாறு நிதி திரட்டினர்.

இசையமைப்பாளர் ஒருவரின் பனியன் தமிழ்நாட்டில் எவ்வளவு விரைவாகப் பரவக்கூடும் என்பதை 2020 செப்டம்பரில் காண முடிந்தது. யுவன் சங்கர் ராஜா தாம் தமிழ் பேசும் இந்தியன் என்னும் பொருள்பட்ட பனியனையும், நடிகர் சிரீஷ் 'ஹிந்தி தெரியாது போடா' என்ற பனியனையும் அணிந்து எடுத்துக்கொண்ட படம் வெளியானதும், திருப்பூரில் அவ்வாசகப் பனியன்களுக்கு ஆணைகள் குவிந்தன. இது அறக்கொடை முயற்சியன்று, மொழி அரசியல் சார்ந்தது. இருப்பினும் பொதுமுடக்கத்தால் வேலை குறைந்திருந்த அச்சுக்கூடங்களுக்குச் சில கிழமைகள் கைநிறைய வேலை தந்தது.

சென்னையின் மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மேற்குப் புறநகர்ப் பகுதி இவ்வகைப் பனியனின் இரு முனைகளோடும் தொடர்புடையது: ஆடை தைக்கும் தொழில் ஒன்று, நிவாரணம் தேவைப்படும் வெள்ளம் மற்றொன்று.

1960களில் அமைக்கப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, இயந்திர உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்றது எனினும், ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடை நிறுவனங்களும் அங்கும் சுற்றுப்புறத்திலும் பல உள்ளன. அவற்றின் தையல் கூடங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். ஆவடியில் 1961இல் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலை இந்தியப் படையினருக்குச் சீருடை தைக்கின்றது. 2021 அக்டோபர் முதல் இது துரூப் கம்ஃபோர்ட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. ஏற்றுமதிக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் ஆணை பெறுபவை. ஐம்பது, நூறு பனியன் கேட்கும் ரசிகர் குழு அவற்றை அணுகுவதில்லை. அத்தகையோர் திருப்பூரிலிருந்து வெற்றுப் பனியன்களை வாங்கி, கல்லூரி விழாவிற்கும் கிரிக்கெட் போட்டிக்கும் கட்சி மாநாட்டிற்கும் அச்சடித்துத் தரும் சிறு ஸ்கிரீன் பிரிண்டிங் கூடங்களையே நாடுகின்றனர்.

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் மூழ்கியது. 2015 வெள்ளத்தைத் தொடர்ந்து 2016 சனவரியில் சென்னையில் ஏ. ஆர். ரகுமான் நடத்திய நெஞ்சே எழு நிகழ்ச்சியின் வருவாய் வெள்ள நிவாரணத்திற்கு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பேரிடர்களில் துணி அனுப்புவதைவிடப் பணம் அனுப்புவதே மேல் என்பது 2004 ஆழிப்பேரலையின்போது தமிழகம் கற்ற பாடம். நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் நாடெங்கிலும் இருந்து வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தன. பிறர் உடுத்திக் கழித்ததை ஏற்க மீனவ மக்கள் மறுத்தனர். குவியலை அகற்றுவதே தனி வேலையாயிற்று. பனியனைத் தூரத்தில் விற்றுப் பணத்தை மட்டும் அனுப்பும் முறை இந்தச் சிக்கலைத் தவிர்க்கின்றது.

செய்முறை

வெற்றுப் பனியனின் தடிப்பு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவில் கூறப்படும். 160 முதல் 180 கிராம் வரையானது இவ்வகைப் பனியனுக்கு ஏற்றது. பயோ வாஷ் எனப்படும் நொதிச் சலவை செய்த துணியில் நுண்பிசிறுகள் நீங்கிவிடுவதால் அச்சு தெளிவாக விழும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிச் சட்டம் தேவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மேல் ஒளியுணர் பசை பூசி, படத்தின் பிலிமை வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளிபட்ட இடம் இறுகும். படாத இடம் நீரில் கரைந்து வழிவிடும். அவ்வழியே ரப்பர் அலகால் மையைத் தள்ளுகின்றனர். நூறு பனியன் அடித்தாலும் பத்து அடித்தாலும் சட்டத்தின் செலவு ஒன்றே. எனவே இசைத்தட்டு அட்டையைப் போலப் பல நிறங்களில் வரைந்துவரும் ரசிகரிடம், இரண்டு நிறத்தில் முடிக்கும்படி அச்சுக்காரர் கூறுவது இயல்பு. கறுப்புப் பனியனே இசை ரசிகர்களின் விருப்பம். அதில் மற்ற நிறம் எடுபட முதலில் வெள்ளை அடித்தளம் இட வேண்டியிருப்பதால் மேலும் ஒரு சட்டம் கூடும்.

பிளாஸ்டிசால் மை பளிச்செனத் தெரியும். ஆனால் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் சூடேற்றினால்தான் இறுகும். சூடு குறைந்தால் சில சலவைகளில் வெடித்து உதிரும். மேலும் இந்த மை காற்றுப் புகாத தகடுபோல் படிவதால், மார்பு முழுதும் அச்சிட்ட பனியனைச் சென்னையின் மே மாதத்தில் அணிவது எளிதன்று. நீர்ம நிறமி மை துணியோடு கலந்து மென்மையாக இருக்கும், ஆனால் கருந்துணியில் மங்கும். பனியனில் நேரடியாக மைதெளிக்கும் கணினி அச்சு வந்தபின் ஒரே ஒரு பனியன்கூட அச்சிட இயல்கின்றது; ஒன்றுக்கான விலை மட்டும் கூடுதல்.

கணக்கு

நிதிதிரட்டு முயற்சிகள் பெரும்பாலும் தவறுவது வடிவமைப்பில் அன்று, கணக்கில்தான். எடுத்துக்காட்டாக, ஒரு பனியனுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 250 ரூபாய் வீதம் 100 பனியன் செய்து, 400 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். அனைத்தும் விற்றால் அறப்பணிக்கு 15,000 ரூபாய் மிஞ்சும். முப்பது விற்காமல் நின்றால் வரவு 28,000, செலவு 25,000, மிஞ்சுவது 3,000 மட்டுமே. நாற்பது நின்றால் அமைப்பாளர் கைப்பணம் இழப்பார். விற்காமல் நிற்பவை பெரும்பாலும் மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய அளவுகளாகவே இருக்கும். அளவையும் பணத்தையும் முன்கூட்டியே பெற்றபின் அச்சுக்குக் கொடுப்பதே இதற்குத் தீர்வு. நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பனியன்கள் கணக்கில் வராமல் போவது மற்றொரு பொதுக் குறை.

வருவாய் முழுவதும் அறப்பணிக்கு என்பதும், மிகுதி முழுவதும் அறப்பணிக்கு என்பதும் வேறு வேறு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதலாவது 40,000 ரூபாய், இரண்டாவது 15,000. எது என்பதை வாங்குவோருக்கு முன்பே தெரிவிப்பது முறை.

சட்டநிலை

பனியன் வாங்குவது கொடை ஆகாது. பொருள் ஒன்றை விலைக்குப் பெறுவதாகும். ஆகவே 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு அளித்த வகையிலான கழிவை வாங்கியவர் கோர இயலாது. ஆயத்த ஆடைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 1,000 ரூபாய் வரையான ஆடைக்கு இருந்த 5 விழுக்காட்டு வீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையானவற்றுக்கு விரிவாக்கப்பட்டது. வெளிநாட்டு ரசிகர் அனுப்பும் கொடையைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் பொருந்தும் என்பதால், புலம்பெயர் தமிழரிடம் பணம் திரட்டும் குழுக்கள் கவனமாக இருக்க வேண்டியுள்ளது.

அறநோக்கம் இருப்பதாலேயே பதிப்புரிமைச் சட்டம் விலகிவிடாது. பாடல்வரிகளின் உரிமை பாடலாசிரியருக்கோ அவரிடம் பெற்றவருக்கோ உரியது. நிழற்படத்தின் உரிமையும் அவ்வாறே. புகழ்பெற்றவரின் பெயரையும் உருவத்தையும் அவர் இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்துவதை, 2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. ரசிகரின் சிறு முயற்சிகளைக் கலைஞர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது பெருந்தன்மையே தவிர உரிமை அன்று.

தைப்பவரின் கூலி

இவ்வகைப் பனியன்கள் மீதான மிகக் கடுமையான விமர்சனம் 2019 சனவரியில் எழுந்தது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் இசைக்குழுவின் பெயரால், பாலினச் சமத்துவப் பணிகளுக்காகக் காமிக் ரிலீஃப் அறக்கட்டளைக்கு நிதி திரட்டிய பனியன் 19.40 பவுண்டுக்கு விற்கப்பட்டது, அதில் 11.60 பவுண்டு அறக்கட்டளைக்கு உரியது. அப்பனியன்கள் வங்காளதேசத் தொழிற்சாலை ஒன்றில், மணிக்கு ஏறத்தாழ 35 பென்சு கூலி பெற்ற பெண்களால் தைக்கப்பட்டவை என்பதைக் கார்டியன் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. பெண்களின் உயர்வுக்கான பனியனைத் தைத்த பெண்களே ஒடுக்கப்பட்டிருந்தனர் என்ற செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. இசைக்குழுவும் அறக்கட்டளையும் தமக்கு இது தெரியாது என்றன. பனியனுக்கு ஆணை கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்றது. 1971இல் நியூயார்க்கில் திரட்டப்பட்ட பணம் சென்றதும் இதே வங்காளதேசத்திற்குத்தான்.

தமிழ்நாடும் இக்கேள்விக்கு விலக்கன்று. நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தரும் சுமங்கலித் திட்டம் பன்னாட்டு அளவில் கண்டனத்திற்கு உள்ளானது. திருப்பூர்ச் சாயக்கழிவுகளால் நொய்யல் ஆறு கெட்டதால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை 2014இல் மாநில அரசு உயர்த்தியபோது ஆடை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் உயர்நீதிமன்றம் அவ்வுயர்வை உறுதிசெய்தது.

ஐம்பது பனியன் வாங்கும் ரசிகர் குழுவால் நூல் எங்கு நூற்கப்பட்டது, சாயம் எங்கு ஏற்றப்பட்டது என்பதையெல்லாம் கண்டறிவது கடினம். வெற்றுப் பனியன் இடைத்தரகர் சிலர் கைமாறியே அச்சுக்கூடத்திற்கு வருகின்றது. விலைப்பட்டியலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பனியனைத் தேர்ந்தால் அறப்பணிக்கு மிஞ்சும் தொகை கூடும். அந்த விலைக்குறைவு யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பது பட்டியலில் இராது. இதனால் சில குழுக்கள் உற்பத்தியாளர் பெயரைக் கேட்டு வாங்கவும், பனியனை விட்டு நேரடிக் கொடைக்கு மாறவும் தலைப்பட்டுள்ளன.